சஹனில் றம்லத்தின் பக்கம்

கண்டிக்குப் பக்கத்துத் திகன பஸாரில் தாஸிமின் ஹார்ட்வெயார் கடையைத் தெரியாத ஆள் இல்லை. ஆணி, பூட்டு, பெயின்ட், பைப் என்று எதைக் கேட்டாலும் அவர் வாயில் இருக்கிறது என்பதற்கு "ஈக்கு" என்ற சொல்தான் வரும். கடையில் இல்லாத சாமானுக்கும் "ஈக்கு" என்றே சொல்லிவிட்டு, வந்தவரைக் கதிரையில் குந்தவைத்து, பின்பக்கத்தால் ஓடிப்போய் அடுத்த கடையில் வாங்கிவந்து கொடுப்பார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத அந்த மனுஷனுக்கு வாய்த்ததோ, எதற்கெடுத்தாலும் "வாணாம்" என்று சொல்லும் மனைவி. அதிலும் பாரிசவாதம் வந்த பிறகு றம்லத் சொன்ன வாணாம்களை அளப்பதென்றால் கடையில் இருக்கிற கயிறு எல்லாம் காணாது.

அது வந்தது ஒரு சாதாரணக் காலையில். குசினியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த றம்லத்தின் வலது கை மாவுக்குள்ளேயே நின்றுபோனது. கணவனைக் கூப்பிட நினைத்தவளின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது, அல்லாஹ்வின் கிருபையால், பேச்சு வந்துவிட்டது. வலது காலை இழுத்து இழுத்தென்றாலும் நடக்க முடிந்தது. கை மட்டும் வரவில்லை. யாரோ மடியில் வைத்துவிட்டு மறந்துபோன சாமானைப் போல அது கிடந்தது.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். முஸ்லிம் வீட்டு விருந்தென்றால் சஹன் சாப்பாடுதான். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, பாயில் ஆறு பேர் சுற்றிக் குந்தி, அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் சாப்பிடுவார்கள். சோற்றின் உச்சியில் ஒரு முழுக் கோழி பொரித்து வைத்திருக்கும். அதை ஒருவர் பிய்த்து ஆறு பக்கத்துக்கும் பங்கு வைக்க வேண்டும். மனிதர்களின் லட்சணம் தெரிவது அங்கேதான். நல்ல துண்டைத் தன் பக்கம் ஒதுக்குகிறவர்கள் உண்டு. மாமியாருக்குக் கழுத்தைத் தள்ளிவிடுகிற மருமகள்கள் உண்டு. றம்லத் கை வைத்த சஹனில் அந்தக் கதையே கிடையாது. யாருக்குத் தோல் பிடிக்கும், யாருக்குப் பல் ஆடுகிறது, யார் வெட்கத்தில் கேட்கமாட்டாள் என்று பார்த்துப் பார்த்து வைத்துவிட்டு, மிச்சத்தைத் தன் பக்கம் எடுப்பாள். "றம்லத் மாமிட சஹன்ல எனக்கு ஒரு எடம்" என்று குமர்ப்பிள்ளைகள் கல்யாண வீடுகளில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அதே கைக்கு இன்னொரு கதையும் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதக் கலவரத்தில் திகனயில் கடைகள் எரிந்தபோது தாஸிமின் கடையும் எரிந்தது. அவர் வாசலில் நின்று தலையில் கைவைத்து அழுதார். றம்லத் அபாயாவை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கிக் குந்தினாள். "பைப் உருகினா உருகட்டும். ஆணி இரும்புதானே, அது எங்க போற?" என்று, கரிக்குள் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து, அளவு அளவாகப் பிரித்துத் தகரப் பேணிகளில் போட்டாள். புதுக் கடை திறந்த அன்று அலமாரித் தட்டில் இருந்தவை அந்த ஆணிகள்தான். கடை எரிந்ததை இன்று தாஸிமால் நடுங்காமல் பேச முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கைதான்.

அந்தக் கையே விழுந்துபோனதும் மனுஷன் நிலைகுலைந்துவிட்டார். நிலைகுலைந்த ஹார்ட்வெயார் முதலாளி என்ன செய்வார்? கடையில் இருந்த பைப்பையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். படுக்கை அறையிலிருந்து குளியலறை வரை பிடித்து நடக்க ஒரு பைப். குசினிச் சுவரில் ஒரு பைப். வாசற்படிக்கு இரண்டு பக்கமும் பைப். வந்தவர்கள், வீட்டுக்குள் தண்ணீர் லைன் ஓடுகிறதா என்று கேட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மணி பொருத்தினார், றம்லத் அதை ஒரு நாளும் அடிக்கவில்லை. மூன்று நேரமும் கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, சோற்றைப் பிசைந்து, உருட்டி, தன் கையாலேயே ஊட்டினார். ஊட்டும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வடியும். நோய்ப்பட்ட வருத்தக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவர் சால்வையால் துடைத்துவிடுவார்.

இப்படி இருக்கும்போது தாஸிமின் தங்கை மர்ழியா வீட்டில் குர்ஆன் ஓதி விருந்து வைக்கும் ஒரு கத்தம் வந்தது. றம்லத்துக்கு அப்போது கை தோள்வரை கொஞ்சம் எழும்பத் தொடங்கியிருந்தது. சஹனில் குந்திவிட்டாள். முதல் பிடி சோறு வாய்க்குப் போகும் வழியிலேயே உதிர்ந்தது. இரண்டாவது பிடி பக்கத்திலிருந்தவளின் மடியில் விழுந்தது. மர்ழியா ஓடிப்போய் ஒரு பீங்கானும் கரண்டியும் கொண்டுவந்து, "பாவம், மைனிக்கு நான் ஊட்டிவுடுறன்" என்று பக்கத்தில் குந்தினாள். மற்ற நாலு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டு வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். அன்றைக்குப் பிறகு றம்லத் ஒரு விருந்துக்கும் போகவில்லை. அழைப்பு வந்தால் "வாணாம்".

அதற்குள் மகள் பஸ்லினாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை ஷாமில் அக்குறணையைச் சேர்ந்தவன், கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. நல்ல இடம், நல்ல பிள்ளை. மாப்பிள்ளையின் உம்மா ரபீகா நாள் குறிக்க வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நிக்காஹ் அண்டைக்கு எனக்கு ஒரு ஆச ஈக்கு. பொண்ணுட உம்மாவும் நானும் ஒரே சஹன்ல குந்தோணும். எங்கட பக்கத்து வழக்கம் அது. ரெண்டு உம்மாரும் ஒரு தட்டுல திண்டா, புள்ளைகள் ரெண்டும் சண்ட புடிக்காதாம்."

"அது வந்து..." என்று தாஸிம் இழுக்கும்போதே, மாதக்கணக்காக வாணாம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாதிருந்த றம்லத் வாயைத் திறந்தாள்.

"குந்துவோம்" என்றாள்.

சம்பந்திகள் போனதும் தாஸிம் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "என்ன நெனச்சி சொன்ன நீ? மர்ழியாட ஊட்டுல நடந்தது மறந்துபோச்சா?"

"மறக்கல்ல. அதுதான் சொன்னன்."

"எடது கையால திண்ணுவியா? மௌலவிட்ட நான் கேட்டன். வருத்தக்காரருக்குக் குத்தமில்லயாம்."

"குத்தமில்லண்டு எனக்கும் தெரியும். அல்லாஹ் ரஹ்மத்துள்ளவன்." றம்லத் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி அவர் முன்னால் காட்டினாள். "ஆனா இந்தக் கை இன்னும் மவுத்தாகல்ல. உசிரோட ஈக்கிறத மையத்தா அடக்கச் சொல்றீங்களா?"

தாஸிம் மறு நாளே கை வைத்தியத்துக்கு ஆள் விசாரிக்கத் தொடங்கினார்.

மறுவாரமே கண்டிக்குப் போனார்கள். அங்கே நிரோஷா என்று ஒரு பிசியோ மிஸ் இருந்தாள். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, படித்து வந்தவள், சின்ன உடம்பு, பெரிய குரல். தாஸிம் கதிரையை இழுத்துக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிரோஷா கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னால், அவரே தூக்கிவிட்டார்.

நிரோஷா பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், அண்ணன் முறை வைத்து, "நானா, வைத்தியம் ஒங்களுக்கா, அக்காவுக்கா?" என்றாள்.

"அவக்குத்தான்."

"அப்ப நீங்க வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. கதவையும் சாத்திட்டுப் போங்க."

டீ குடிக்கப் போகிற ஆளா அவர்? கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே நிரோஷாவின் குரல் கேட்டது. "அந்தக் கையால முந்தி என்னென்ன செய்வீங்க அக்கா? சும்மா சமையல், தையல்னு சொல்லாதீங்க. ஒங்களுக்குப் பிடிச்சதச் சொல்லுங்க." றம்லத் என்னவோ சொன்னாள். "கோழியா? எப்படிப் பிப்பீங்க, செஞ்சு காட்டுங்க பார்ப்போம். அய்யய்யோ, நான் கோழி இல்ல அக்கா!" பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். றம்லத்தின் சிரிப்பை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் தாஸிம் கேட்டார். அவள் உள்ளே என்ன செய்து காட்டினாள் என்று அவருக்குத் தெரியாது. வாங்கில் இருந்தபடியே தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நிரோஷா கொடுத்த பயிற்சி கடலை பொறுக்குவது. ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்குக் கடலையை விரலால் எடுத்துப் போட வேண்டும். இரண்டு நாளில் றம்லத்துக்குச் சலித்துவிட்டது.

"கடல எனக்கு என்னத்துக்கு? கடையில கலவப் பெட்டி ஈக்குதானே. அதக் கொண்டுவாங்க."

எந்த ஹார்ட்வெயார் கடையிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். வாடிக்கையாளர்கள் கிண்டிப் பார்த்துவிட்டுப் போட்ட ஆணி, ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கிற பெட்டி. தாஸிம் மறுத்துவிட்டார். அந்தக் கைக்கு உணர்ச்சி கிடையாது, ஆணி குத்தினாலும் தெரியாது, புண்ணாகிச் சீழ் பிடித்தால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் பேசி றம்லத்தை வென்ற ஆள் அந்த வீட்டில் இல்லை.

ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவர் குசினி வாசலில் நின்றுவிட்டார். நிலத்தில் பேப்பர் விரித்திருந்தது. அதன்மேல் கலவைப் பெட்டி கவிழ்த்துக் கொட்டியிருந்தது, பஸ்லினா கொண்டுவந்து கொடுத்த வேலை. றம்லத் சுவரோடு சாய்ந்து, இழுபடுகிற காலை மடித்து நிலத்தில் குந்தியிருந்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு ஸ்க்ரூவைத் தேடிப் போயின, பிடித்தன, தூக்கின, விட்டன. மறுபடியும் போயின. நெற்றியில் வேர்வை ஒழுகியது. பார்க்கப் பார்க்கத் தாஸிமின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாம்பலுக்குள் குந்தியிருந்தவள்தான் இவள் என்று நினைத்தார். அவருக்கு அவள்மேல் மரியாதை பொங்கி வந்தது. அப்போதுதான் அவளுடைய விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தத்தைக் கண்டார்.

"புள்ள! கையப் பாரு!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார்.

றம்லத் விரலைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். பிறகு அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"நோகுது" என்றாள். "இஞ்ச பாருங்க, நோகுது! ஆணி குத்தின நோவு தெரியுது!"

அந்த வீட்டில் நோகிறது என்பதற்காகச் சந்தோஷப்பட்டது அன்றுதான். தாஸிம் அவள் பக்கத்தில் ஆணிகளுக்கு நடுவே குந்தி, அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையைப் போல அழுதார். றம்லத் இடது கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அதன் பிறகு அவரே கலவைப் பெட்டியைச் சுமந்து வந்தார். அவள் பிரித்து முடித்தால் மறு நாளைக்கு வேலை வேண்டுமே என்று, பிரித்ததைக் கடைக்குக் கொண்டுபோய் ஒருவருக்கும் தெரியாமல் திரும்பவும் கலந்தார். ஒரு நல்ல வியாபாரி செய்கிற காரியமா அது? நாலாம் நாள் பிடிபட்டார்.

"இந்தத் தல வளஞ்ச ஆணிய நேத்தும் நான்தான் எடுத்தன். முந்தாநேத்தும் நான்தான்" என்றாள் றம்லத். "யாரு கலக்கிற?"

"வாடிக்கக்காரங்க" என்றார் தாஸிம், கூரையைப் பார்த்துக்கொண்டு.

றம்லத் சிரித்துவிட்டு அந்த வளைந்த ஆணியைத் தனியாக எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

கை திரும்பத் திரும்ப, அவள் பைப்புகளைக் கழற்றச் சொன்னாள். முதலில் குசினிப் பைப். பிறகு நடைப்பாதைப் பைப். "இது எனக்கு இனி வாணாம்" என்று அவள் கைகாட்டும்போதெல்லாம் தாஸிம் ஸ்க்ரூட்ரைவரோடு வந்து கழற்றி, சுவரில் ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்தார். அந்த வாணாம்கள் மட்டும் அவர் காதுக்கு இனித்தன. குளியலறைப் பைப் ஒன்றை மாத்திரம் துவாய் காயப்போட நல்லது என்று விட்டுவைத்தாள்.

ஆனால் ஆணி வேறு, சோறு வேறு. ஆணிக்கு இரண்டு விரல் போதும். சோற்றுக்கு ஐந்து விரலும் ஒன்றாகக் கூடிக் குவிய வேண்டும். றம்லத்தின் சின்ன விரல் கடைசிவரை மற்ற விரல்களோடு சேர மறுத்துத் தனியாக நீட்டிக்கொண்டே நின்றது. வீட்டுச் சாப்பாட்டில் பாதிச் சோறு வாய்க்கும் பாதிச் சோறு பாய்க்கும் போனது. கல்யாணம் நெருங்கிவிட்டது. தாஸிமுக்குத் தூக்கம் போனது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால், அத்தனை பெண்களுக்கு நடுவே, மர்ழியா வீட்டில் நடந்தது திரும்ப நடந்தால் இவள் மறுபடியும் எழும்பமாட்டாள். இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் ஒரு பிடி சோற்றில் போய்விடும். அதுதான் அவர் பயம்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். விருந்தன்று பின்னறையில் ஒரு மேசை, ஒரு பீங்கான், ஒரு கரண்டி. "தலசுத்து" என்று சொல்லிவிட்டு றம்லத் அங்கே போய் ஆறுதலாகச் சாப்பிடலாம். ரபீகாவுக்கு அவரே பக்குவமாகச் சொல்லிக்கொள்வார். கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், ஒரு நல்ல செய்தியைப் போல இதை மனைவியிடம் சொன்னார்.

றம்லத் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் அவரைக் குந்தச் சொன்னாள்.

"நீங்க எனக்கு ஊட்டினீங்களே, அப்ப நான் ஏன் அழுத தெரீமா?"

"வருத்தத்துல."

"ஒவ்வொரு வாயா நீங்க ஊட்ட ஊட்ட வயிறு நெறஞ்சிச்சி. நான் கொறஞ்சி போனன். ஒங்கட பாசத்துல ஒரு குத்தமும் இல்ல. ஒங்களப் போல ஒரு மனுஷன் யாருக்குக் கெடைக்கும்? ஆனா மவள்ட கல்யாணத்துல நான் பின்னறையில ஈந்தா, அவள் புருஷன் ஊட்டுக்குப் போகக்க எத எடுத்துட்டுப் போவா? எங்கட உம்மா விழுந்துட்டாண்டு எடுத்துட்டுப் போவா. எழும்பினாண்டு எடுத்துட்டுப் போகட்டும்."

"சோறு விழுந்தா?"

"விழட்டுமே. காக்காக்கு நல்லம்."

மறு நாள் வெள்ளைச் சட்டையைப் போடும்போது தாஸிம் யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டியை எடுத்து மேல் பையில் வைத்துக்கொண்டார்.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. முன்கூடத்தில் ஆண்கள், உள்கூடத்தில் பெண்கள் என்று பாய் விரித்து சஹன் வைத்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பாவும் மற்றவர்களும் தாஸிமுக்கு இடம் வைத்துக் காத்திருந்தார்கள். அவரோ, இரண்டு உம்மாமாரின் சஹனை நானே கொண்டுபோய் வைக்கிறேன் என்று தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அவர் தட்டைப் பாயின் நடுவில் இறக்கி வைத்தார். றம்லத், ரபீகா, ரபீகாவின் மூத்த சகோதரி, மர்ழியா, இன்னும் இரண்டு அக்குறணைப் பெண்கள். ஆறு பேர். நெய்ச்சோறு ஆவி பறந்தது. உச்சியில் முழுக் கோழி பொன்னிறமாகக் குந்தியிருந்தது.

வைத்துவிட்டு வெளியே போகவேண்டிய மனுஷன் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். வெட்கக்கேடுதான். ஆனால் கால் நகரவில்லை.

"பிஸ்மி சொல்லுங்க" என்றார் ரபீகா.

சொன்னார்கள். கோழியைப் பிய்ப்பது யார்? பழைய வழக்கத்தில் எல்லாக் கண்களும் றம்லத்தைப் பார்த்தன. உடனே நினைவு வந்து வேறு பக்கம் திரும்பின. மர்ழியா அவசரமாகக் கையை நீட்டினாள். "மைனி, நீங்க விடுங்க, நான்..."

"இரு மர்ழியா" என்றாள் றம்லத்.

அவள் வலது கையைத் தூக்கிக் கோழியின் நெஞ்சில் வைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து பிடித்தன. சின்ன விரல் மட்டும் வழக்கம்போல நீட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் தாஸிமின் கை சட்டைப் பைக்குப் போனது.

"நான் புடிக்கிறன் மச்சி" என்றாள் றம்லத், ரபீகாவைப் பார்த்து. "நீங்க கால இழுங்க."

ரபீகா கோழிக் காலைப் பிடித்து இழுத்தார். காலுக்குப் பதிலாகக் கோழியே வந்தது. றம்லத்தின் பிடி நழுவி, கோழி சரிந்து, ஒரு கை சோறு பாயில் கொட்டியது. யாரோ "ச்சு" என்றார்கள். மர்ழியாவின் முகத்தில் அந்தப் பழைய பாவம் வந்து உட்கார்ந்தது. தாஸிம் கரண்டியைப் பாதி வெளியே எடுத்துவிட்டார்.

றம்லத் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோழியைத் திரும்ப நிமிர்த்தி வைத்தாள். இந்தத் தடவை விரல்களை நம்பவில்லை. உள்ளங்கையை விரித்து நெஞ்சின்மேல் வைத்து, தோளிலிருந்து பாரத்தை இறக்கி அழுத்தினாள்.

"இப்ப இழுங்க. பயப்படாம இழுங்க."

ரபீகா இழுத்தார். முறுக்கி இழுத்தார். கால் கழன்று வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ரபீகா சிரித்துவிட்டார். "எங்கட ஊட்டுல கோழிக்கு இழுக்க ஆள் ஈக்கு மச்சி, இப்பிடி அமத்திப் புடிக்கத்தான் ஆளில்ல. ஒவ்வொரு தடவையும் கோழி அடுத்த சஹனுக்குப் பறக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். அது பாவம் பார்த்த சிரிப்பல்ல. றம்லத்தும் சிரித்தாள். அவள் பிடிக்க, ரபீகா இழுக்க, அடுத்த காலும் வந்தது, நெஞ்சும் பிரிந்தது. பிறகு பங்கு வைப்பது. அதற்கு றம்லத் யாரையும் விடவில்லை. ஒவ்வொரு துண்டாக இரண்டு விரலால் எடுத்தாள், ஸ்க்ரூ எடுத்த அதே இரண்டு விரல். ரபீகாவின் சகோதரிக்குப் பல் இல்லை என்று கண்டு மெதுவான நெஞ்சுத் துண்டை அவர் பக்கம் வைத்தாள். தோல் பிடிக்கும் மர்ழியாவுக்குத் தோலை வைத்தாள். மர்ழியா குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் மிஞ்சிய கழுத்தைத் தன் பக்கம் எடுக்கப் போனபோது, ரபீகா அதைப் பறித்துத் தன் பக்கம் போட்டுக்கொண்டு ஒரு காலை எடுத்து றம்லத்தின் பக்கம் வைத்தார்.

றம்லத் சோற்றைக் குவித்து எடுத்தாள். கொஞ்சம் சிந்தியது. மிச்சம் வாய்க்குள் போனது. அவள் மென்றுகொண்டே அடுத்த பிடிக்குக் கையை வைத்தாள்.

அப்போதுதான் தாஸிமின் கண் தட்டைச் சுற்றிப் போனது. ஆறு பெண்கள். ஆறு பேரின் இடது கையும் மடியில் கிடந்தது. இன்று மட்டுமா அப்படி? சஹனில் யார்தான் இடது கையை வைக்கிறார்கள்? ஒற்றைக் கையால் கோழியைப் பிய்க்க எவராலும் முடியாது, ஒருவர் பிடிக்க ஒருவர் இழுத்தால்தான் உண்டு. றம்லத் பிய்க்கிறாள், றம்லத் பிய்க்கிறாள் என்று ஊரே புகழ்ந்த அந்தக் காலத்திலும், எதிரில் ஒருத்தி இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஊர் கவனிக்காத அதை றம்லத் மறக்கவில்லை. நிரோஷாவின் அறைக்குள் அவள் செய்து காட்டிச் சிரித்தது இதைத்தான். அவள் பிய்க்கப் பழகவில்லை, பிடிக்கப் பழகியிருக்கிறாள்.

"திரைக்குப் பின்னால யாரு?" என்றாள் றம்லத், தலையைத் திருப்பாமலே.

தாஸிம் அசடு வழிய எட்டிப் பார்த்தார்.

"பையில என்ன மின்னுது?"

"கரண்டி."

"நல்லம். வட்டலாப்பத்துக்குக் கரண்டி காணாதாம், அதக் குசினியில குடுத்துட்டுப் போய்ச் சாப்பிடுங்க. ஆம்பிளைகள் பாத்துக்கொண்டு ஈப்பாங்க."

அவர் கரண்டியைக் குசினியில் இனிப்புப் பரிமாறுகிறவர்களிடம் கொடுத்தார். முன்கூடத்துக்குப் போய்த் தனக்காகக் காத்திருந்த சஹனில் குந்தினார். இங்கேயும் கோழி முழுசாக இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா, "நீங்கதான் பிய்க்கோணும், பொண்ணுட வாப்பா" என்றார்.

தாஸிம் வலது கையைக் கோழியின் நெஞ்சில் வைத்தார். உள்ளங்கையை விரித்து, தோளிலிருந்து அழுத்தினார்.

"நான் புடிக்கிறன்" என்றார். "நீங்க இழுங்க."